பூச்சி பறக்கு

நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் அது மறுபடியும் வந்துவிட்டது. மேலிருந்து மூன்றாவது வரி, 'மாலுமி' என்ற சொல்லின் மேல் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி, பின்னால் நூலிழை மாதிரி ஒரு வால். நான் பார்த்ததும் நகர்ந்தது. மூன்று நாளாக இப்படித்தான், பார்க்காதவரை சும்மா கிடக்கும், பார்த்துவிட்டால் ஓட்டம். உள்ளங்கையால் பக்கத்தைப் பட்டென்று அறைந்தேன். கையை எடுத்துப் பார்த்தால் கையிலும் ஒன்றும் இல்லை, தாளிலும் ஒன்றும் இல்லை. வெள்ளிப்பூச்சியை அடித்தால் விரலில் சாம்பல் நிறத்தில் பொடி ஒட்டும், முப்பத்தைந்து வருஷமாக என் விரலில் ஒட்டிய பொடி, லுங்கியில் துடைத்துத் துடைத்து லுங்கியே மினுங்கிய பொடி. இப்போது பொடி இல்லை. தப்பிவிட்டது, அவ்வளவுதான், இன்றைக்கு அதற்கு ஆயுள் கெட்டி. "என்ன, நிறுத்திட்டிய?" என்றாள் வடிவு. ஜன்னலுக்குப் பக்கத்தில் வயர் நாற்காலியில், தலையைக் கொஞ்சம் சாய்த்து, காதை என் பக்கம் கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள். என் மனைவிக்குக் கண் போய் நாலு வருஷமாகிறது. வெளிச்சம் வருகிற திசை தெரியும், ஆள் நின்றால் நிழல் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. தினமும் மத்தியானம் மூன்றிலிருந்து நாலு மணிவரை அவளுக்கு நான் படித்துச் சொல்ல வேண்டும். "பூச்சி," என்றேன். "அடிச்சாச்சா?" "ஓடிட்டு."  பிறகு, "மணி என்ன?" என்றாள். மூன்று பத்து. எங்கே போகப் போகிறாள், இப்போது எதற்கு மணி என்று எரிச்சலாக வந்தது, சொன்னேன், படிப்பைத் தொடர்ந்தேன்.

இந்த வீட்டில் நாங்கள் ரெண்டு பேர்தான் குடியிருக்கிறோம் என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தெரியாத குடித்தனங்கள் நிறைய. அலமாரிக்குப் பின்னால் கரையான் மண்கோடு போட்டு மேலே ஏறப் பார்க்கும், நான் மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பேன், ஒரு வாரம் பொறுத்துப் பக்கத்துச் சுவரில் போடும். அகராதியின் முதுகுக்கும் சுவருக்கும் இடையில் குளவி மண்கூடு கட்டும். பழைய தாள்களில் கண்ணுக்குத் தெரியாத அளவில் புத்தகப் பேன். இவர்களுக்கெல்லாம் மேலே வெள்ளிப்பூச்சி, அதுதான் இந்த வீட்டுக்கு மூத்த மருமகள். கல்யாணமான புதிதில் வடிவு ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து, "இதத்தான் ராமபாணம்னு சொல்லுவாவ, எங்க அப்பா வீட்டுலயும் உண்டு," என்றாள். நான் விடுவேனா, பிழை திருத்துகிற புத்தி, உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். ராமபாணம் வேறு, வெள்ளிப்பூச்சி வேறு, அது அட்டையிலிருந்து கடைசித் தாள்வரை அம்பு மாதிரி துளைத்துக்கொண்டு போகும், இது துளைக்காது, மேலாகச் சுரண்டும், பசையைத் தின்னும், பிறந்தது முதல் செத்துப்போவதுவரை நடந்தே திரியும், இதற்குச் சிறகே கிடையாது. சிறகே கிடையாது என்று அன்றைக்கு நான்தான் சொன்னேன், அந்த அலமாரிக்கு முன்னால் நின்று, கையில் அந்தப் பூச்சியையே வைத்துக்கொண்டு. அவள் பத்தாவது படித்தவள், நான் அச்சாபீஸில் வேலை பார்க்கிறவன், அந்தக் கர்வம். பூச்சிகள் இந்த வீட்டில் பெருத்ததற்கும் நாங்களேதான் காரணம். புத்தகம் கட்டுகிற பசையில் மயில்துத்தம் கலக்க வேண்டும், விஷம் இருந்தால் பூச்சி அண்டாது. அப்போது எங்கள் மகள் தமயந்தி தவழ்கிற பிள்ளை, கண்டதையும் வாயில் போடும், அதனால் வடிவு வெறும் மைதாவைக் கிண்டிக் கொடுத்தாள், நான் வெறும் மைதாவில் முன்னூறு புத்தகத்துக்கு அட்டை ஒட்டினேன். பிள்ளை வளர்ந்து கோயம்புத்தூர் போய்விட்டது, ஞாயிற்றுக்கிழமை போன் பேசுகிறது. பூச்சிகள் இன்னும் அந்த மைதாவைச் சாப்பிட்டு முடிக்கவில்லை.

படிக்கிறேன். கப்பல் கதை, தமிழில் யாரோ பெயர்த்தது, அட்டையும் முதல் எட்டுப் பக்கமும் கிடையாது. பக்கத்துக்கு நாலு இடம் சுரண்டியிருக்கிறது. சுரண்டிய இடத்தில் எழுத்து இல்லை, நானாக ஒரு சொல்லைப் போட்டு வாசிப்பேன், நிறுத்தாமல், குரல் மாறாமல். அச்சாபீஸில் இதைச் செய்திருந்தால் சீட்டைக் கிழித்திருப்பார்கள். அங்கே என் பெயருக்கே ஒரு மரியாதை இருந்தது, சிவகுரு பார்த்தால் கொம்பும் காலும் தப்பாது என்பார்கள், ஒற்றெழுத்து விழுந்திருந்தால் நாலு மேசை தள்ளி நின்றே சொல்லுவேன். எல்லாவற்றையும்விட எனக்குப் பெருமை, விட்டுப்போன சொல்லைப் பிடிப்பதில். தப்பாக இருக்கிற சொல்லை யாரும் பிடிக்கலாம், அது அங்கே இருக்கிறது. இல்லாமல் போனதைப் பிடிக்கத்தான் ஆள் வேண்டும். வரி ஒழுங்காக ஓடும், அர்த்தமும் வரும், ஆனால் நடுவிலிருந்து ஒன்று போயிருக்கும், அங்கே போய் என் பென்சில் தானாக நிற்கும். நாற்பது வருஷம் நின்றது. இப்போது இந்த மூன்று நாளாகச் சுரண்டாத இடத்திலும் நானாகச் சொல் போடுகிறேன். பூச்சி வந்து வரியில் உட்கார்ந்துகொள்கிறது, அது நகரும்வரை காத்திருக்க முடியாது, நான் காத்திருப்பது வடிவுக்குக் கேட்டுவிடும். நேற்று அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். "முந்தாநேத்து படகுல ஒன்பது பேருன்னிய, இன்னைக்கு ஏழுங்கிய. ரெண்டு பேரு எங்க போனாவ?" என்றாள். கடலில் விழுந்துவிட்டார்கள் என்றேன். சிரித்தாள். சிரித்த பிறகு முகம் என் பக்கமே இருந்தது, சிரிப்பு போய் வெகுநேரம் கழித்தும்.

மறுபடியும். இந்தத் தடவை ரெண்டு. ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கண்ணை இடது பக்கம் கொண்டுபோனால் அவையும் இடது பக்கம் போகின்றன, கொஞ்சம் பிந்தி, வழுக்கிக்கொண்டு. கண்ணை நிறுத்தினால் மெல்லக் கீழே இறங்குகின்றன. பூச்சி இறங்குமா? இறங்கும், செங்குத்தாகப் பிடித்தால் எல்லாப் பூச்சியும் இறங்கும். நான் புத்தகத்தைச் சாய்த்துத்தானே பிடித்திருக்கிறேன். சரி, சாய்வில் இறங்குகிறது. பக்கத்திலிருந்து கண்ணை எடுத்துச் சுவரைப் பார்த்தேன். போன பொங்கலுக்கு அடித்த வெள்ளை, ஆணிகூடக் கிடையாது. சுவரிலும் ரெண்டு பூச்சி. அதே ரெண்டு, ஒன்று ஓரத்தில், ஒன்று நடுவில். சுவரில் பல்லிக்குக்கூட இரை உண்டு, பூச்சி இருக்கக் கூடாதா என்ன. நேற்று மாதிரியே கையை வீசினேன், காற்றில்தான் வீசினேன், அது சுவரிலிருந்து கிளம்பி எனக்கும் சுவருக்கும் நடுவில் மிதந்துகொண்டிருந்த மாதிரி இருந்ததால். "மணி என்ன?" என்றாள் வடிவு. மூன்று இருபத்தைந்து. "படிங்க," என்றாள். வாசித்தேன். 'புயல்' என்று இருந்தது, புயல் என்று வாசித்தேன். அடுத்த சொல் தெரியவில்லை, 'தணிந்தது' என்று வாசித்தேன். தணிந்திருக்கட்டும். நேற்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகு வலது ஓரத்தில் பளிச்சென்று ஒரு மின்னல், வெல்டிங் கடையைத் தாண்டிப் போகும்போது கடைக்கண்ணில் அடிக்குமே அந்த மாதிரி. வெளியே மழை வரும் என்று சொல்லிக்கொண்டேன். பாளையங்கோட்டையில், சித்திரையில், வானத்தில் ஒரு மேகம் இல்லாத நாளில், மழை வரும் என்று.

அவள் அதைச் சொன்னது ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை. அதை நினைக்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன், நினைக்கக் கூடாது என்று வைத்த இடத்துக்குத்தான் மனசு போகும், நாக்கு சொத்தைப் பல்லுக்குப் போகிற மாதிரி. நான் ஸ்டூலில் ஏறி மேல்தட்டை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். முந்தின நாள்தான் எங்களுக்குள் பெரிய சண்டை. தமயந்தி கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேலையில் மடிப்பு மடிப்பாக ஓட்டை, பெட்டிக்குள் நாலு வெள்ளிப்பூச்சி, எல்லாம் உங்க புத்தகத்துலேருந்து வந்ததுதான் என்று அழுதாள். நானும் குத்தலாக ஏதோ சொன்னேன், அதற்கு இலக்கியத்தைவிடப் பட்டுதான் பிடிக்கும் என்றோ என்னவோ. மறுநாள் கையில் கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள். "ஏங்க, பூச்சி பூச்சியாப் பறக்கு," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், 'ஏங்க'வைத் தள்ளினால் மூன்றே சொல். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "புத்தகம் இருக்க வீடுன்னா பறக்கத்தான் செய்யும்," என்றேன். கொஞ்ச நேரம் நின்றாள், கரண்டியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்த சத்தம் கேட்டது, போய்விட்டாள். எனக்கு ரோஷம். பூச்சி பூச்சி என்கிறாளே, ஒரேயடியாக ஒழித்துக் காட்டுகிறேன் என்று அத்தனை புத்தகத்தையும் மொட்டைமாடியில் வெயில் காயப்போட முடிவு பண்ணினேன். ஆயிரத்துச் சொச்சம் புத்தகம், பதினெட்டுப் படி. நான் அலமாரியிலிருந்து எடுத்து அடுக்கிக் கொடுக்க, அவள் தூக்கிக்கொண்டு ஏறினாள். மார்போடு அணைத்து, தாடையால் அமுக்கிக்கொண்டு, ரெண்டு நாள், போக வர, போக வர. மூன்றாம் நாள், "இன்னும் பறக்கு," என்றாள். ஒரு பாக்கெட் அந்துருண்டை வாங்கிவந்து தட்டுக்கு ரெண்டாகப் போட்டேன். அவள் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து சர்க்கரை போட்டுக் குடித்துக்கொண்டாள், பித்தம் என்று. அதையும் பார்த்தேன். வெயிலுக்குக் குடிக்கிறாள் என்று நினைத்தேன்.

கண்ணுல. அந்தச் சொல்தான் விட்டுப்போயிருந்தது. கண்ணில் பூச்சி பறக்கிறது என்று இந்த ஊரில் யார் சொன்னாலும் எனக்குத் தெரியும், பட்டினி கிடந்தவர்கள் சொல்வார்கள், தலை சுற்றுகிறவர்கள் சொல்வார்கள், எங்கள் அச்சாபீஸில் போர்மேன் மாசக்கடைசியில் சொல்வார். அவள் அந்த ஒரு சொல்லை விழுங்கிவிட்டாள், கண்ணைக் கையால் காட்டியிருப்பாள், நான்தான் திரும்பவில்லையே. ஆனால் சொல் இல்லாவிட்டால் என்ன, மிச்சம் இருந்த சொல் போதாதா? பறக்கு என்றாளே. ஓடுது என்று சொல்லவில்லை, ஊருது என்று சொல்லவில்லை. வெள்ளிப்பூச்சி பறக்குமா? சிறகே கிடையாது என்று பாடம் எடுத்தவன் யார்? ஒரு மெய்ப்பில் இப்படி ஒரு வரி வந்திருந்தால் வட்டம் போட்டு ஓரத்தில் கேள்விக்குறி வைத்திருப்பேன், ஆசிரியரைக் கேட்கவும் என்று எழுதியிருப்பேன். ஆசிரியர் வாசற்படியில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார். கேட்கவில்லை. பதினோராம் நாள் காலையில் வலது பக்கம் முந்தானை விழுந்த மாதிரி இருட்டாக இருக்கிறது என்று கையை நீட்டித் தடவிக்கொண்டு வந்தாள், அப்போதுதான் கண்ணாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் சின்னப் பிள்ளை, தமயந்தி வயசுதான். உள்திரை கிழிஞ்சு உரிஞ்சு வந்திருக்கும்மா, சுவத்துல காரை உரியற மாதிரி, பூச்சி பறந்த அன்னைக்கே வந்திருந்தா லேசர் வச்சு ஒட்டியிருப்போமே என்றது. ஒட்டியிருப்போம் என்றதும் எனக்கு மைதாப் பசை ஞாபகம் வந்தது, அந்த நேரத்தில், வேறு எதுவும் வரவில்லை. எத்தனை நாளா பறந்துச்சு, வெயிட் ஏதும் தூக்கினீங்களா என்று கேட்டது. நான் தரையைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற வடிவு சொன்னாள், "தெரியல டாக்டர். நான் கவனிக்கல."

அந்தப் பொய்யைப் பற்றி நாங்கள் இதுவரை பேசியதே இல்லை. ரெண்டு தடவை ஆபரேஷன், மாசக்கணக்காகக் குப்புறப் படுத்துக் கிடந்தாள், அடுத்த வருஷம் மற்றக் கண்ணும் அதே மாதிரி போயிற்று, அந்தத் தடவை அன்றைக்கே ஓடினோம், அப்படியும் போயிற்று. ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் நான் கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், ஏதாவது ஒன்று முடிந்திருக்கும். அவள் அதற்குப் பதிலாக, மத்தியானம் தூக்கம் வரமாட்டேங்கு, ஏதாச்சும் படிச்சுச் சொல்லுங்களேன் என்றாள். அன்றிலிருந்து படிக்கிறேன். பூச்சி இருக்கிறதென்று எந்தப் புத்தகத்தை வெறுத்தாளோ அதே புத்தகத்தை. என் கண்ணை அவளுக்குக் கொடுக்க முடியாது, ஒரு மணி நேரம் வாடகைக்கு விடுகிறேன். இந்தக் கண்ணும் போனால்? வீட்டில் ரெண்டு குருடு, ஆயிரம் புத்தகம், நடுவில் பூச்சிகள் ராஜ்யம் பண்ணும். அடுப்பைப் பற்றவைப்பது யார், மாத்திரையில் எது காலை எது ராத்திரி என்று பார்ப்பது யார்? பயமாக இருக்கிறது. சொல்லிவிட்டேன், பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கண் போவதைவிட ஒன்றுக்கு அதிகம் பயமாக இருக்கிறது. இதைச் சொல்ல வேண்டுமானால் எந்தச் சொற்களால் சொல்வது? வேறு சொல் தமிழில் இல்லை. அவள் வாசற்படியில் நின்று சொன்ன அதே வாக்கியத்தை நான் அவளிடம் சொல்ல வேண்டும், விட்டுப்போன சொல்லையும் சேர்த்து. சொன்ன மாத்திரத்தில் அந்த வெள்ளிக்கிழமை எனக்குப் புரியாமல் போனதும் பிற்பாடு புரிந்ததும் எல்லாம் வெளியே வந்துவிடும். அதனால்தான் மூன்று நாளாகப் புத்தகத்தை அறைகிறேன். சும்மா சொல்லக் கூடாது, நல்லாவே அறைகிறேன். "மணி என்ன?" என்றாள். மூன்று ஐம்பது என்று சொல்லக் கடிகாரத்தைப் பார்த்தேன். பெரிய முள் தெரிந்தது, சின்ன முள் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஏதோ மறைத்தது. கீழே, வலது ஓரமாக. தலையைத் திருப்பினேன், அதுவும் திரும்பியது. இது ஓடவில்லை, இறங்கவில்லை. காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் என் தாடையின் ஓரம் இல்லாமல் இருந்ததே, ரசம் போன கண்ணாடி என்று நினைத்தேனே, அது இதுதான்.

புத்தகத்தை மடியில் கவிழ்த்தேன். "வடிவு," என்றேன். "ம்," என்றாள்.  "கண்ணுல பூச்சி பறக்கு." தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. பிறகு, "எந்தக் கண்ணு?" என்றாள். வலது. "எத்தன நாளா?" மூன்று. "மின்னுதா?" நேற்றிலிருந்து. "ஓரத்துல இருட்டு இருக்கா?" இன்றைக்குக் காலையிலிருந்து என்றேன். "அன்னைக்கு நீ சொன்னது எனக்குப் பொறவுதான் வெளங்குச்சு வடிவு. பறக்குன்னு நீ சொல்லியும் நான்..." என்று ஆரம்பித்தேன். கீழே ஆட்டோ ஹார்ன் அடித்தது, ரெண்டு தடவை. அவள் நாற்காலியைப் பிடித்து எழுந்தாள். "காசிம் அண்ணன் ஆட்டோ. நாலு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன்," என்றாள். எப்போது சொன்னாய் என்றேன். "காலைல, நீங்க குளிக்கப் போனப்பம். மூணு நாளா அடிக்கிய, பொஸ்தகத்தத்தான் அடிக்கியன்னு இருந்தேன். நேத்துலேருந்து காத்துலல்லா கைய வீசுதிய, விசுக்குன்னு கேக்கு. வெள்ளிப்பூச்சிக்கு ரெக்க கிடையாதுன்னு நீங்கதான எனக்குச் சொல்லித்தந்திய." உடனே கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை. அவளே சொன்னாள். "நீங்க சொல்லலன்னாலும் நாலு மணிக்கு இழுத்துட்டுத்தான் போயிருப்பேன். சொல்லுவியளான்னு பாத்தேன்." செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டு என் பக்கம் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். மொட்டைமாடிக்கு ஏறுகிற மாதிரியே தெருவுக்கு இறங்கவும் பதினெட்டுப் படி, அவளுக்கு மனப்பாடம், அவள்தான் முன்னால் இறங்கினாள். பாதிப் படியில் நின்று, திரும்பாமலே சொன்னாள். "எத்தன நாளா பறக்குன்னு டாக்டர் கேப்பாவ. கவனிக்கலன்னு சொல்லிராதிய, என்ன."